வடு முதல் பழம் வரை: ஒரு மாமரத்தின் வாசனையைப் பருவம் முழுக்கப் பின்தொடர்வது எப்படி

மாவடு ஜாடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்தப் பிசின் வாசனையும், வைகாசியில் அரிசி டிரம்மைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் பழ வாசனையும் ஒரே மரத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்தில் காய்க்குள் என்ன நடக்கிறது என்பதை வீட்டிலேயே, ஆய்வகம் எதுவும் இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் மூக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு பின்தொடரலாம். அதற்கான வழிதான் இது.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு தவறு. கோடை மழையில் காய் கொட்டிவிடுமோ என்ற பயத்தில், ஒரு வருடம் கொல்லையில் இருக்கும் பங்கனப்பள்ளியை இரண்டு வாரம் முன்னதாகவே பறித்துவிட்டேன். பழம் மஞ்சளாகத்தான் பழுத்தது. ஓரளவு இனிப்பும் இருந்தது. வாசனை மட்டும் வரவே இல்லை. நிறம், இனிப்பு, வாசனை மூன்றும் ஒன்றாகத்தான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாசனைக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் பெரும்பகுதி காய் மரத்தில் இருக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது.

முதலில் மரமும் நூலும்

ஒரு மரம் போதும். இரண்டு ரகம் இருந்தால் இன்னும் நல்லது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். என்னிடம் இருப்பது ஒரு ஒட்டு பங்கனப்பள்ளியும் ஒரு நாட்டு மரமும்.

மாமரம் எல்லாக் கிளையிலும் ஒரே நாளில் பூப்பதில்லை. ஒரு பக்கம் மார்கழியில் பூத்திருக்கும், மறுபக்கம் தை பாதியில்தான் பூங்கொத்து நீட்டும். அதனால் “மரம் எப்போது பூத்தது” என்று எழுதி வைத்துப் பயனில்லை. கைக்கு எட்டும் பத்துப் பதினைந்து பூங்கொத்துகளைத் தேர்ந்தெடுத்து, வெவ்வேறு நிற நூல் கட்டுங்கள். ஒரே வாரத்தில் பூத்தவற்றுக்கு ஒரே நிறம். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த நாளைத் தொடக்க நாளாக எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்த நாளிலிருந்துதான்.

பத்துக் கொத்துக்கு நூல் கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாகும்வரை நிற்காது. ஒரே கொத்தை நம்பி உட்கார்ந்தால் பங்குனியில் கையில் எதுவும் இருக்காது.

மூக்கைப் பழக்குங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் காய்க்குப் போகாதீர்கள். “நல்ல வாசனை”, “ஒரு மாதிரி வாசனை” என்று நோட்டில் எழுதினால் அடுத்த வருடம் அதற்குப் பொருளே இருக்காது. வாசனைக்குப் பெயர் வேண்டும். பெயர் நம் அடுக்களையிலேயே இருக்கிறது.

மூடி உள்ள சின்னக் குப்பிகள் ஏழு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் கசக்கிய மாந்தளிர், அல்லது பிசின் பூத்த ஊசியிலை மரத் துண்டு கிடைத்தால் அது. பெயின்ட் கடையில் விற்கும் டர்பன்டைன் எண்ணெயில் ஒரு சொட்டைப் பஞ்சில் விட்டு வைத்தாலும் சரி. டர்பன்டைனில் இருக்கும் பைனீன், கேரீன் போன்ற பொருள்கள் மாங்காயிலும் இருக்கின்றன. “டர்பன்டைன் நாற்றம் அடிக்கிற மாங்காய்” என்று சிலர் முகம் சுளிப்பது வெறும் உவமை இல்லை.

இரண்டாவதில் திருநீற்றுப்பச்சிலை. பைனீன், கேரீன் போன்ற மணமுள்ள எண்ணெய்ப் பொருள்களின் குடும்பத்துக்கு டெர்பீன் என்று பெயர். மாம்பழ வாசனையில் முக்கியமான ஒரு டெர்பீனுக்கு ஓசிமீன் என்று பெயர். துளசி, திருநீற்றுப்பச்சிலை இனத்தின் தாவரவியல் பெயரான ஓசிமம் என்பதிலிருந்து வந்த பெயர் அது. அல்போன்சாவின் வாசனையில் அளவால் முன்னிற்பது இந்த ஓசிமீன்தான். அமெரிக்கச் சந்தையில் அதிகம் புழங்கும் டாமி அட்கின்ஸ் ரகத்தில் அந்த இடத்தில் இருப்பது கேரீன். இரண்டும் மாம்பழமாக இருந்தும் வாசனையில் அவ்வளவு தூரம் விலகி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவதில் ஆரஞ்சுத் தோல். நான்காவதில் இரண்டு கிராம்பு. ஐந்தாவதில் அப்போதுதான் கசக்கிய அறுகம்புல். ஆறாவதில் துருவிய தேங்காய். ஏழாவதில் லேசாகக் கருக விட்ட சர்க்கரைப் பாகு. தேங்காயும் பாகும் மாம்பழத்தில் எங்கே வந்தன என்று இப்போது தோன்றும். கடைசிப் படியில் அவைதான் முக்கியம்.

மோந்து பார்க்க ஒரு முறை உண்டு. காலையில், காபிக்கு முன். சின்னதாக இரண்டு மூன்று முறை உறிஞ்சுங்கள், இழுத்து மூச்சு வாங்க வேண்டாம். இரண்டு குப்பிக்கு நடுவில் உங்கள் முழங்கையின் உட்புறத்தை ஒருமுறை மோந்துகொள்ளுங்கள். மூக்கு அலுத்துப்போனால் எல்லாமே ஒன்றாகத் தோன்றும். அவரவர் தோலின் வாசனை அவரவர் மூக்குக்குப் பழகியது என்பதால் மூக்குக்கு அது நல்ல ஓய்வு. ஒரு வாரம் இப்படிச் செய்தால் கண்ணை மூடிக்கொண்டே குப்பியைச் சொல்லிவிடலாம்.

பூ

பூ நேரத்தில் அதிக வேலை இல்லை. வெயில் ஏறியதும் கொத்தின் அருகே நின்று மோந்து பாருங்கள். தேன் போன்ற ஒரு லேசான இனிப்பும், அடியில் பிசின் வாசனையும் தெரியும். ஈயும் தேனீயும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த அடிவாசனை இலையைக் கசக்கினாலும் வருகிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இலை, பூ, பிஞ்சு, பழம் எல்லாவற்றிலும் ஓடும் ஒரே இழை டெர்பீன்.

வடு

மாசி வந்ததும் நூல் கட்டிய கொத்துகளின் கீழே உதிர்ந்த வடுக்களைப் பொறுக்குங்கள். எங்கள் பக்கம் வடு வாங்குகிறவர்கள் காம்பைக் கிள்ளி மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். காம்பைக் கிள்ளி, வரும் பாலைத் தொடாமல் மோந்து பாருங்கள். அப்புறம் வடுவைக் குறுக்கே நறுக்கித் தோலைத் தனியாக, சதையைத் தனியாக மோந்து பாருங்கள்.

தோலில் வாசனை அதிகம் இருக்கும். காரணம், மாங்காயின் தோலை ஒட்டிப் பால் ஓடும் குழாய்கள் வலையாகப் பின்னியிருக்கின்றன. அந்தப் பாலில் எண்ணெய்ப் பகுதி ஒன்று உண்டு, டெர்பீன்கள் அதில் அடர்ந்திருக்கின்றன. மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். தோலைப் புண்ணாக்கும் பால் இந்தக் குடும்பத்துச் சொத்து. கடிக்க வருகிற பூச்சிக்கும், நுழையப் பார்க்கிற பூஞ்சைக்கும் எதிராகக் காய் வைத்திருக்கும் ஆயுதம் அது. கொட்டை முற்றாத காயை யாரும் தின்றுவிடக் கூடாது என்பதுதான் மரத்தின் தேவை. ஆகவே இந்தப் பருவத்து வாசனை கூப்பிடுகிற வாசனை இல்லை, விலக்குகிற வாசனை. அதையே உப்பிலும் கடுகிலும் விளக்கெண்ணெயிலும் ஊறப்போட்டு நாம் வருடம் முழுக்க ரசித்துச் சாப்பிடுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு நம் அடுக்களைமீது பெரிய மரியாதை வருகிறது. வடுவுக்கு எந்த மரம் நல்லது என்று பாட்டிகள் சொல்வதில் பாதி இந்தப் பால் வாசனையைப் பற்றியதுதான். என் நாட்டு மரத்தின் வடு ஊறுகாய்க்கு அருமை. பங்கனப்பள்ளி வடு அதன் பக்கத்தில்கூட வராது.

நோட்டில் குப்பி எண்களைக் கொண்டே எழுதுங்கள். “ஒன்று பலமாக, மூன்று லேசாக, ஐந்து நறுக்கியதும்” என்பது போல.

காய் பெருக்கும் வாரங்கள்

பங்குனியில் காய் வேகமாகப் பெருக்கும். பத்து நாளைக்கு ஒரு காய் பறித்து நறுக்கிப் பார்த்தால் போதும். பிசின் வாசனை இருந்துகொண்டே இருக்கும், ஆனால் சதை கூடக் கூட அதன் முனை மழுங்குவதை உங்கள் மூக்கு சொல்லும். நறுக்கிய கணத்தில் ஐந்தாம் குப்பி, அதாவது புல் வாசனை, எழும். நறுக்கும் முன் அது இல்லை என்பதைக் கவனியுங்கள். செல்கள் உடையும்போது உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலங்களை நொதிகள் வெட்டுவதால் அந்தக் கணத்திலேயே பிறக்கும் வாசனை அது. புல்வெளியை அறுத்தால் வருவதும் இதேதான்.

இந்த வாரங்களில் மூக்குக்குத் தெரியாத ஒரு வேலையும் நடக்கிறது. சதையில் மாவுச்சத்து சேர்கிறது. பின்னால் சர்க்கரை ஆகப்போவது அதுதான். கொழுப்பும், மஞ்சள் நிறமிகளும், சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து வாசனை இல்லாமல் அடங்கிக் கிடக்கும் மணப்பொருள்களும் சேமிப்பாகின்றன. பழுக்கும்போது வரும் வாசனைக்கு மூலப்பொருள் இவை. நான் அந்த வருடம் இரண்டு வாரம் முன்னால் பறித்தபோது இழந்தது இந்தச் சேமிப்பின் கடைசித் தவணையை.

முற்றியதா என்று பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கவனமாகச் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

பிஞ்சு பிடித்ததிலிருந்து 90 முதல் 120 நாளுக்குள் பெரும்பாலான ரகங்கள் முற்றும். நீலம் பிந்தி வரும் ரகம். கன்னியாகுமரிப் பக்கம் பருவம் தப்பியும் மா காய்க்கும். அதனால் மாதத்தைப் பார்க்காதீர்கள், நூல் கட்டியபோது எழுதிய தொடக்க நாளைப் பாருங்கள். 85ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு காய் எடுத்து நான்கு சோதனை செய்யுங்கள்.

காயின் தோள் காம்பைவிட உயர்ந்து, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்தது போல இருக்கிறதா? முற்றாத காயில் தோள் சரிந்து இருக்கும்.

வாளித் தண்ணீரில் போட்டால் மூழ்குகிறதா? மாவுச்சத்து ஏறிய காய் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துவிடும். மிதந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இது வீட்டில் செய்யக்கூடியதில் மிக நம்பகமான சோதனை.

நறுக்கினால் கொட்டையைச் சுற்றிய சதை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பத் தொடங்கிவிட்டதா? நிறம் கொட்டையின் பக்கமிருந்துதான் வெளியே நகரும்.

கடைசியாக மூக்கு. புல் வாசனைக்கு அடியில் ஒரு இனிப்பு நிழல் தெரிகிறதா? முதல் வருடம் இது பிடிபடாது. இரண்டாம் வருடம் பிடிபடும்.

தோட்டக்காரர்கள் இன்னொரு அறிகுறியையும் பார்ப்பார்கள்: மரத்திலேயே கனிந்து தானாக விழும் முதல் ஒன்றிரண்டு பழம். அது விழுந்துவிட்டால் அந்த நூல் நிறத்துக் காய்கள் தயார்.

இந்த நாட்களில் பழ ஈ வரும். காயில் முட்டையிடும் இடத்தைத் தேடி வருகிற பெண் ஈக்கும் இந்த வாசனை மாற்றம் தெரிகிறது. ஆண் ஈக்களைப் பிடிக்க மெத்தில் யூஜினால் வைத்த பொறிகளை மரத்தில் தொங்கவிடுவார்கள். அதுவும் ஒரு வாசனைப் பொருள்தான், ஆண் ஈக்கள் அதைத் தேடிப் பறந்து வந்து சிக்கும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கட்டிவிடுங்கள். புழு வைத்த காயின் வாசனை சீக்கிரமே புளித்துப்போகும், உங்கள் நோட்டும் கெட்டுப்போகும்.

பறிப்பு

காலை வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். விடியலில் காயில் பால் அழுத்தம் அதிகம், காம்பு உடைந்தால் பீய்ச்சி அடிக்கும். தொரட்டியில் வலைப்பை கட்டி, காம்பு ஒரு விரல் நீளம் இருக்கும்படி பறியுங்கள். அப்புறம் காம்பை ஒட்ட நறுக்கி, காயைத் தலைகீழாக வைத்துப் பாலை முழுதாக வடிய விடுங்கள். பால் தோலில் வழிந்தால் அந்த இடம் கருத்துப் புண்ணாகும். டெர்பீன் அடர்ந்த எண்ணெய்தான் அங்கே தோலைச் சுடுகிறது. வடிந்த பாலை ஒரு இலையில் பிடித்து மோந்து பாருங்கள். வடுவில் நீங்கள் எழுதிய அதே வாசனை, இன்னும் செறிவாக இருக்கும். கண்ணிலும் உதட்டிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுக்கும் நாட்கள்

இனி தினமும் எழுத வேண்டும். வைக்கோல் பரப்பி அதன்மேல் காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள். இருப்பதில் குளிர்ச்சியான அறையாகப் பாருங்கள். 20 முதல் 25 டிகிரி கிடைத்தால் மிக நல்லது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் வைத்த காய் ஒழுங்காகப் பழுக்காது, வாசனையும் திரிந்துவிடும். அதேபோல் பழுக்காத காயை ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்த காய்க்குக் குளிர்ச்சேதம் வரும். பிறகு வெளியே எடுத்தாலும் அதன் வாசனை முழுதாகத் திரும்பாது.

ரகத்தைப் பொறுத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். தினமும் காம்புப் பக்கத்தை மோந்து பாருங்கள், வாசனை முதலில் தெரியும் இடம் அது. முதல் சில நாள் எதுவும் தெரியாது. உள்ளே பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயு சுரக்கத் தொடங்கி, காயின் மூச்சு வேகமெடுக்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது, புளிப்பு இறங்குகிறது. செங்காய்ப் பதத்தில் ஒன்றை நறுக்குங்கள். புல் வாசனை பின்வாங்கியிருக்கும். அதே கொழுப்பு அமிலங்களின் துண்டுகள் இப்போது எஸ்டர்களாக மாறி, அன்னாசி போன்ற பழ வாசனையைத் தருகின்றன.

அப்புறம் ஒரு நாள் காலையில் அறைக்கதவைத் திறக்கும்போதே தெரியும். அன்றைக்குத் தேங்காய்க் குப்பியையும் பாகுக் குப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டு பழத்தை நறுக்குங்கள். தேங்காய் வாசனைக்குப் பின்னால் இருப்பவை லாக்டோன்கள், கொழுப்பிலிருந்து பிறப்பவை. பாகு வாசனைக்குப் பின்னால் இருப்பது ஃப்யூரனால் வகை, ஸ்ட்ராபெர்ரிக்கும் அன்னாசிக்கும் அந்த வாசனை அதனால்தான். புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அல்போன்சாவைப் பிஞ்சிலிருந்து பழம்வரை படிப்படியாக ஆராய்ந்தபோது தெரிந்தது இது: எல்லாப் பருவத்திலும் அளவில் மிகுந்திருப்பவை டெர்பீன்களே. லாக்டோனும் ஃப்யூரனாலும் பழுக்கும்போதுதான் புதிதாகப் பிறக்கின்றன. பழுத்த பிறகும் அளவில் டெர்பீன்தான் அதிகம். ஆனால் லாக்டோனும் ஃப்யூரனாலும் துளி இருந்தாலே மூக்கு பிடித்துக்கொள்ளும். அளவு வேறு, மணம் வேறு. அதே ஆய்வகத்தினர் கொங்கணத்தின் வெவ்வேறு ஊர்களில் விளைந்த அல்போன்சாவை ஒப்பிட்டபோது, ஒரே ஒட்டு ரகமானாலும் ஊருக்கு ஊர் மணப்பொருள்களின் அளவு மாறுவதையும் கண்டார்கள். அதனால் உங்கள் நோட்டு பக்கத்து ஊர்க்காரர் நோட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

மாம்பழத்தில் இப்படி எத்தனை பொருள் இருக்கும்? கியூபாவில் 20 ரகங்களை ஆராய்ந்தவர்கள் 372 மணப்பொருள்களைப் பட்டியலிட்டார்கள். ஏழு குப்பி எதற்கும் காணாது என்பது உண்மைதான். ஆனால் திசை காட்ட அது போதும்.

பழம் கையில் இருக்கும்போது இன்னொன்றும் செய்து பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டும்தான் தெரியும். அது மாம்பழமா பப்பாளியா என்றுகூடச் சொல்ல முடியாது. மூக்கை விடுங்கள். அந்த நொடியில் மாம்பழம் வந்துவிடும். நாம் மாம்பழச் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை.

கார்பைடு கல் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவை விடுகிறது. அந்த வாயு எத்திலீனைப் போல நடித்துத் தோலை மஞ்சளாக்கும். அதில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கும் என்பதால் பழம் பழுக்க வைக்க இந்தியாவில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. முற்றிய காய்க்கு எத்திலீன் கொடுத்தால் தவறில்லை, காய் தானே சுரப்பதைத்தான் கொஞ்சம் முன்னதாகக் கொடுக்கிறோம். முற்றாத காய்க்கு எதைக் கொடுத்தாலும் நிறம்தான் வரும். சேமிப்பில் இல்லாததை எந்த வாயுவும் உண்டாக்க முடியாது. கடையில் வாங்கும்போது தோள் சரிந்த, காம்பில் மணமே இல்லாத, பளிச்சென்ற மஞ்சள் பழத்தைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

பழுத்த உச்சம் இரண்டு மூன்று நாள்தான். அதற்குப்பின் சாராய நெடி கலக்கும், சர்க்கரை புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதுவரை எழுதிவிட்டு நோட்டை மூடலாம். உச்சத்தில் இருக்கும் பழத்தை வேண்டுமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் சாப்பிடும் முன் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிடுங்கள். சில்லென்ற பழத்திலிருந்து மணம் சரியாக எழும்பாது.

அடுத்த மார்கழிக்கு

அதே கிளையில் மறுபடி நூல் கட்ட முடியாமல் போகலாம். இந்த வருடம் காய்த்த கிளை அடுத்த வருடம் தளிரை மட்டும் விட்டு ஓய்வெடுப்பது மாவின் வழக்கம். மரத்தின் அதே பக்கத்தில், அதே அளவு வெயில் படும் வேறு கொத்துகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் வருடம் 95, 102, 109ஆம் நாளில் மூன்று முறையாகப் பறித்துத் தனித்தனியாகப் பழுக்க வைத்திருந்தேன். வீட்டில் உள்ளவர்களுக்கு எது எப்போது பறித்தது என்று சொல்லாமல் மூன்று தட்டில் நறுக்கி வைத்தேன். எல்லோரும் மூன்றாவது தட்டைத்தான் முதலில் காலி செய்தார்கள். என் பங்கனப்பள்ளிக்கு 109. உங்கள் மரத்துக்கு அந்த எண் என்ன என்று கண்டுபிடிக்க மூன்று தட்டும் ஒரு பருவமும் வேண்டும்.